வீட்டுக் கணினியில் ஏ320: இருண்ட விமானி அறையிலிருந்து தரையிறங்கும் வரை

நுணுக்கமாக உருவாக்கப்பட்ட ஒரு பயணிகள் விமானத்தைச் சிமுலேட்டரில் சேர்த்து முதல் முறை உள்ளே உட்காருபவர்கள் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே அனுபவம்தான் கிடைக்கிறது. திரைகள் இருட்டாக இருக்கின்றன. எஞ்சினைத் தானாக இயக்கும் விசைகளை அழுத்தினால் பாதி அமைப்புகள் விழிக்கின்றன, மீதி விழிப்பதில்லை. எப்படியோ மேலே எழும்பிவிட்டாலும் ஆட்டோபைலட் எங்கோ திரும்புகிறது, வேகம் சொன்ன இடத்தில் நிற்பதில்லை. அரை மணி நேரத்தில் பலர் செஸ்னா என்ற பழைய சிறிய விமானத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது உண்மையிலேயே வருத்தம் தருகிறது. வரிசை தெரிந்துவிட்டால் இந்த விமானங்கள் அவ்வளவு ஒழுங்காகப் பணியும்.

அந்த வரிசையைத்தான், ஏர்பஸ் நிறுவனத்தின் ஏ320 பயணிகள் விமானத்தை வைத்து, இங்கே எழுதுகிறேன். சிமுலேட்டரை நிறுவி, ஜாய்ஸ்டிக்கை இணைத்து, சிறிய விமானம் ஒன்றை ஓட்டிப் பழகியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரை அடிப்படையாகக் கொண்டிருக்கிறேன். எக்ஸ்-பிளேன் 12 என்ற மற்றொரு சிமுலேட்டரை வைத்திருப்பவர்களுக்குக் கோப்புறைகளும் அமைப்புப் பட்டியல்களும் மாறும். விமானி அறைக்குள் நடப்பவை மாறாது.

தொடங்கும் முன் ஒன்று. விமானியின் எதிரே உள்ள முதன்மைத் திரையின் உச்சியில் ஐந்து பத்திகள் கொண்ட ஒரு குறுகிய பட்டை இருக்கும். அதை எஃப்எம்ஏ என்பார்கள். உந்துவிசையை யார் கட்டுப்படுத்துகிறார்கள், விமானம் எந்த முறையில் ஏறுகிறது அல்லது இறங்குகிறது, எதைப் பின்பற்றித் திரும்புகிறது என்பதெல்லாம் அங்கே எழுதியிருக்கும். பச்சை எழுத்து என்றால் இப்போது நடப்பது. நீல எழுத்து என்றால் அடுத்து நடக்கக் காத்திருப்பது. பொத்தானை அழுத்தியதால் மட்டும் எதுவும் நடந்துவிட்டதாக நம்பாதீர்கள். பட்டையில் எழுத்து மாறினால்தான் நடந்தது. கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை அந்தப் பட்டையைப் படித்தாலே புரிந்துவிடும்.

எந்த விமானத்தில் தொடங்குவது?

ஃபிளைபைவயர் குழுவின் ஏ32என்எக்ஸ். தயங்காமல் சொல்கிறேன். இது ஏ320நியோ விமானம், இலவசம், மூலநிரல் திறந்தது. விளக்கக் கையேடும் இணையத்தில் முழுமையாக இருக்கிறது. பணம் செலவழிக்கும் முன் இந்த வகை விமானம் உங்களுக்குப் பிடிக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது.

பிறகு பணம் கொடுத்து வாங்குவதென்றால் என் தேர்வு ஃபெனிக்ஸின் ஏ320. 2022இல் வந்தது. உள் அமைப்புகளின் ஆழத்துக்காகவே அதைப் பிடிக்கும். போயிங் விரும்புகிறவர்கள் பிஎம்டிஜியின் 737ஐத் தேடிப் போவார்கள், அதுவும் சிறப்பானதே. எக்ஸ்-பிளேன் பக்கம் ஸிபோவின் 737-800 இலவசம். டோலிஸின் ஏர்பஸ் விமானங்களுக்குக் கட்டணம் உண்டு.

எதை எடுத்தாலும் முதல் சில மாதங்களுக்கு ஒன்றே ஒன்று போதும். ஏர்பஸ்ஸில் உந்துவிசை நெம்புகோல் ஓரிடத்தில் அசையாமல் நிற்கும். போயிங்கில் அது தானாக நகரும். இரண்டையும் ஒரே வாரத்தில் படித்தால் கை குழம்பிவிடும்.

நிறுவுதல்

ஃபிளைபைவயரின் நிறுவி மென்பொருள் எல்லாவற்றையும் தானே செய்துவிடும். அதில் நிலையான பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். வளர்ச்சிப் பதிப்பில் புதுமைகள் அதிகம். கற்றுக்கொள்ளும்போது ஒரு கோளாறு உங்களுடையதா விமானத்துடையதா என்று தெரியாமல் தவிக்க வேண்டாம்.

வேறு விமானத்தைச் சுருக்கக் கோப்பாக இறக்கினால், அதை விரித்து, சிமுலேட்டரின் கம்யூனிட்டி கோப்புறைக்குள் போட வேண்டும். இங்கே அடிக்கடி நடப்பது கோப்புறைக்குள் கோப்புறை. விமானத்தின் கோப்புறையைத் திறந்தவுடன் 'மேனிஃபெஸ்ட்', 'லேஅவுட்' என்ற இரண்டு கோப்புகள் கண்ணில் பட வேண்டும். இன்னொரு கோப்புறை தெரிந்தால், உள்ளே இருப்பதை வெளியே எடுத்து வையுங்கள். இல்லையேல் சிமுலேட்டரின் பட்டியலில் விமானம் வரவே வராது. கம்யூனிட்டி கோப்புறை வட்டின் ஆழத்தில், நீண்ட பாதையின் முடிவில் இருந்தாலும் தொல்லைதான்: விண்டோஸின் வழக்கமான 260 எழுத்து வரம்பைத் தாண்டும் கோப்புகள் சத்தமில்லாமல் விடுபட்டுவிடும்.

சிமுலேட்டரின் உதவிகளை அணையுங்கள்

அமைப்புகளில் 'அசிஸ்டன்ஸ்' பகுதிக்குப் போய், விமானத்தை ஓட்ட உதவும் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். தானாகச் சுக்கானைத் திருப்புவது, தானாக டிரிம் செய்வது, செயற்கை நுண்ணறிவு துணை விமானி எல்லாமே போக வேண்டும். ஏ320இன் கணினிகள் ஏற்கெனவே இந்த வேலைகளைச் செய்கின்றன. 1988இல் சேவைக்கு வந்த இந்த விமானம்தான் எண்ணிம மின்வழிக் கட்டுப்பாட்டைப் பயணிகள் சேவைக்குக் கொண்டுவந்த முதல் ஜெட். குச்சியை விட்டுவிட்டால் இருந்த பாதையை அதுவே பிடித்துக்கொள்ளும், டிரிம்மும் அதன் பொறுப்பு. அதன் மேல் சிமுலேட்டரும் உதவ வந்தால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஓட்டுவதாக ஆகிவிடும். விமானம் மேலும் கீழும் ஊசலாடும்.

அப்படியே, விமானி அறையில் சுட்டி (மவுஸ்) இயங்கும் முறையை 'லெகசி' என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஏர்பஸ்ஸின் குமிழ்களைத் திருகுவது போலவே உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவும் வேண்டும். பழைய முறையில் குமிழின் மேல்பகுதியைச் சொடுக்கினால் ஒன்று, கீழ்ப்பகுதியைச் சொடுக்கினால் மற்றொன்று என்று தெளிவாகப் பிரிந்திருக்கிறது.

நெம்புகோல் அளவீடு: அவசரப்படாதீர்கள்

என்னை நெடுநாள் முன்னேறவிடாமல் பிடித்து வைத்த படி இதுதான். அதனால் இங்கே நிறைய நேரம் செலவழிக்கப் போகிறேன்.

சிறிய விமானத்தில் நெம்புகோலை எவ்வளவு தள்ளுகிறீர்களோ அவ்வளவு உந்துவிசை. ஏ320இல் கணக்கே வேறு. நெம்புகோலின் பாதையில் சில பள்ளங்கள் இருக்கின்றன. காரின் கியர் தண்டு தன் இடத்தில் விழுந்து நிற்பதுபோல நெம்புகோலும் அவற்றில் விழுந்து நிற்கும். கீழே ஐடில். முன்னே தள்ளினால் முதல் பள்ளம் சிஎல், அதாவது ஏறுமுகம். இரண்டாவது எஃப்எல்எக்ஸ், குறைத்த உந்துவிசையில் மேலெழுவதற்கு. மூன்றாவது டோகா, முழு உந்துவிசை. ஐடிலுக்குப் பின்னே பின்னுந்தம், தரையில் வேகத்தைக் குறைக்க. மேலெழுந்த பிறகு நெம்புகோலைச் சிஎல் பள்ளத்தில் வைத்துவிட்டால், இறங்கும் கடைசி விநாடிகள் வரை அதைத் தொடவே வேண்டாம். உந்துவிசையைக் கூட்டுவதும் குறைப்பதும் ஆட்டோத்ரஸ்ட்டின் வேலை.

வீட்டில் நாம் வைத்திருக்கும் நெம்புகோலில் பெரும்பாலும் பள்ளங்கள் கிடையாது. அது வழுவழுப்பாக நகரும். ஆகவே 'இந்த இடம்தான் சிஎல்' என்று விமானத்துக்கு நாம் கற்றுத்தர வேண்டும்.

முதலில் சிமுலேட்டரின் கட்டுப்பாட்டுப் பகுதியில் நெம்புகோலின் உணர்திறன் வளைவு நேர்கோடாக இருக்கிறதா என்று பாருங்கள். வளைத்து வைத்திருந்தால் நேராக்குங்கள். பிறகு விமானி அறையில் இடப்பக்கம் உள்ள கைக்கணினித் திரையில் அமைப்புகளுக்குப் போனால் நெம்புகோல் அளவீட்டுப் பக்கம் வரும். நெம்புகோலை ஐடிலில் வைத்து, அந்த மதிப்பைப் பதியுங்கள். அடுத்து சிஎல், எஃப்எல்எக்ஸ், டோகா என்று ஒவ்வொரு இடமாக. ஒவ்வொரு பள்ளத்துக்கும் மேல் எல்லை, கீழ் எல்லை என்று ஓர் அகலம் உண்டு. அந்த அகலத்தைத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் ஒன்றின் எல்லை இன்னொன்றின் எல்லையோடு மேற்படியக் கூடாது. ஐடிலுக்கு இன்னும் கூடுதலாகக் கொடுங்கள், ஏனென்றால் மலிவான நெம்புகோல்கள் கடைசி முனையில் ஒரே எண்ணில் நிற்பதில்லை. முடிந்ததும் சேமித்துச் செயல்படுத்தும் பொத்தானை அழுத்த மறக்காதீர்கள்.

அளவீடு சரியில்லை என்றால் எப்படித் தெரியும்? எஃப்எம்ஏவே சொல்லிவிடும். மேலே ஏறிய பிறகு நெம்புகோலைச் சிஎல்லில் வைத்ததாக நீங்கள் நினைக்கிறீர்கள். பட்டையின் முதல் பத்தியில் 'எல்விஆர் சிஎல்பி' மின்னிக்கொண்டே இருக்கிறது. நெம்புகோல் பள்ளத்துக்குச் சற்றுக் கீழே நிற்கிறது என்று பொருள். ஆட்டோத்ரஸ்ட் வேலை செய்யும், ஆனால் நெம்புகோல் இருக்கும் அளவுக்கு மேல் அதனால் போக முடியாது. உயரத்தில் விமானம் திணறும். மாறாக 'மேன் டிஹெச்ஆர்' என்று தெரிந்தால் பள்ளத்துக்கு மேலே இருக்கிறது. அப்போது ஆட்டோத்ரஸ்ட் காத்திருப்பு நிலைக்குப் போய்விடும், வேகத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, கிடைமட்டமாகப் பறக்கத் தொடங்கியவுடன் வேக எல்லையைத் தாண்டிப் பாய்ந்துவிடும். 'ஏர்பஸ்ஸில் வேகம் கட்டுப்படவில்லை' என்று புலம்புகிறவர்களின் சிக்கல் பெரும்பாலும் இந்தச் சில மில்லிமீட்டர்தான்.

ஐடில் பதியவில்லை என்றால் தரையில் வேறு அடையாளம் தெரியும். சக்கரம் தரையைத் தொட்ட பிறகும் 'ரிடார்ட்' என்று குரல் ஒலித்துக்கொண்டே இருக்கும், இறக்கைமேல் தடுப்புகள் எழாது, நிற்பதற்கு ஓடுபாதை போதாது.

பின்னர் சேர்த்தது: அளவீட்டைச் சரியாகச் செய்தும் நெம்புகோல் குதிக்கிறது என்று சிலர் எழுதினார்கள். வேறொரு கருவியும் அதே அச்சில் பிணைக்கப்பட்டிருப்பதே காரணம். புதிதாக எதைச் செருகினாலும் சிமுலேட்டர் அதற்குத் தன் இயல்பான பிணைப்புகளைக் கொடுத்துவிடும். விளையாட்டுக் கட்டுப்படுத்தி, ஜாய்ஸ்டிக்கின் அடியில் உள்ள சிறு நெம்புகோல், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து, உந்துவிசைப் பிணைப்பு ஒரே இடத்தில் மட்டும் இருக்கும்படி பாருங்கள். பிரேக்குக்கும் இதே சோதனை தேவை.

பயணத் திட்டம்

பயணத் திட்டம் தயாரித்துத் தரும் சிம்பிரீஃப் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்குங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் இரண்டு விமான நிலையங்களை எடுங்கள். சேருமிடத்து ஓடுபாதையில் ஐஎல்எஸ், அதாவது ஓடுபாதைக்கு வழிகாட்டும் வானொலிக் கதிர், கட்டாயம் இருக்க வேண்டும். விமான வகையில் ஏ320நியோவைத் தேர்ந்தெடுத்தால் வழித்தடம், எரிபொருள், பறக்கும் உயரம் எல்லாம் கணக்கிட்டுக் கொடுத்துவிடும். உங்கள் கணக்கை விமானத்தின் கைக்கணினியில் இணைத்துவைத்தால் இந்தத் திட்டம் நேரே உள்ளே வந்துவிடும்.

சிமுலேட்டரின் உலக வரைபடத்தில் புறப்படும் நிலையத்தையும் நிறுத்துமிடத்தையும் மட்டும் தேர்ந்தெடுங்கள். அங்கேயும் ஒரு வழித்தடத்தைப் போட்டால் அது விமானத்தின் கணினியோடு மோதும். வானிலையைத் தெளிவானதாக வைத்துக்கொள்ளுங்கள். நிஜ வானிலையின் பக்கக் காற்றை முதல் வாரத்தில் சந்திக்க வேண்டிய அவசியம் இல்லை.

வழிசெலுத்தும் தரவுகள் 28 நாளுக்கு ஒரு முறை உலகம் முழுவதும் புதுப்பிக்கப்படுகின்றன. சிம்பிரீஃப்பின் இலவசக் கணக்கு பழைய சுழற்சியைப் பயன்படுத்துகிறது. அதனால் எப்போதாவது ஒரு வழிப்புள்ளி விமானத்தின் கணினியில் இல்லாமல் போகலாம். அந்த ஒரு புள்ளியை விட்டுவிட்டு அடுத்ததைக் கொடுத்தால் போதும். புதிய தரவுகளை வழங்கும் நாவிகிராஃப் நிறுவனத்தின் சந்தா இதற்கான முழுத் தீர்வு, ஆனால் தொடக்கத்தில் அது தேவையில்லை.

விமானத்தை எழுப்புதல்

மேற்பலகையில் இரண்டு பேட்டரிகள், பிறகு வெளி மின்சாரம். திரைகள் ஒளிர்ந்ததும் ஏடிஐஆர்எஸ் குமிழ்கள் மூன்றையும் 'நேவ்' நிலைக்குத் திருப்புங்கள். விமானம் தான் இருக்கும் இடத்தையும் திசையையும் உணர இவைதான் ஆதாரம். உள்ளே இருக்கும் லேசர் சுழல்காட்டிகள் பூமியின் சுழற்சியை அளந்து வடதிசையைக் கண்டுபிடிக்கின்றன. அதற்கு நிஜத்தில் பத்து நிமிடம் வரை பிடிக்கும். அதுவரை விமானம் அசையக் கூடாது. வரைபடத் திரை காலியாக இருக்கிறது என்று பதற்றப்படாதீர்கள். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் கைக்கணினி அமைப்புகளில் இந்த நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். நான் உண்மையான நேரத்திலேயே விட்டுவிடுவேன். கணினியில் விவரங்களை நிரப்ப அந்த இடைவெளி சரியாக இருக்கிறது.

அடுத்து பயணிகளையும் எரிபொருளையும் ஏற்றுங்கள். கைக்கணினியிலிருந்துதான் ஏற்ற வேண்டும். சிமுலேட்டரின் பொதுவான எடைப் பட்டியலைத் தொடாதீர்கள். ஏற்றி முடியும் முன்பே எடையைக் கணினியில் எழுதிவிட்டால் வேகங்கள் தவறாக வரும்.

எம்சிடியு

நடுவில் உள்ள எண்பலகையும் சிறுதிரையும் சேர்ந்ததுதான் எம்சிடியு. பார்க்க மிரட்டும். நிரப்ப வேண்டிய பக்கங்கள் மூன்றே மூன்று.

'இனிட்' பக்கத்தில் 'இனிட் ரிக்வெஸ்ட்' கொடுத்தால் சிம்பிரீஃப்பின் வழித்தடம் வந்துவிடும். பறக்கும் உயரமும் கோஸ்ட் இன்டெக்ஸும் (நேரச் செலவையும் எரிபொருள் செலவையும் ஒப்பிடும் எண்) சரியா என்று பாருங்கள். பக்கவாட்டு அம்புக்குறியை அழுத்தினால் இரண்டாம் பக்கம்: எரிபொருள் இல்லாத எடை, அதன் மையம், மொத்த எரிபொருள்.

'எஃப்-பிளான்' பக்கத்தில் புறப்படும் நிலையத்தின் பெயரருகே உள்ள பொத்தானை அழுத்தி, ஓடுபாதையையும் புறப்பாட்டு முறையையும் நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். சேருமிடத்துக்கும் அப்படியே. இவை தானாக வருவதில்லை. எல்லாம் சேர்ந்த பிறகு பட்டியலைக் கீழே உருட்டி, கடைசி வரை படியுங்கள். இடையே 'டிஸ்கன்டின்யூட்டி' என்று ஒரு வரி தெரியும். வழித்தடம் அங்கே அறுந்திருக்கிறது என்று அர்த்தம். விமானம் அந்த இடத்துக்கு வந்ததும் வழியை விட்டுவிட்டு, இருந்த திசையிலேயே நேராகப் போகும். 'சிஎல்ஆர்' அழுத்தி, அந்த வரியின் பொத்தானை அழுத்தினால் இடைவெளி மூடிவிடும். ஆனால் அதற்கு மேலே 'மேனுவல்' என்று எழுதியிருந்தால் அதை அழிக்காதீர்கள். அங்கே கட்டுப்பாட்டாளர் சொல்லும் திசையில் பறக்க வேண்டும் என்பதே அந்த முறையின் வடிவமைப்பு. திட்டத் திரையில் ஒவ்வொரு புள்ளியாக நகர்த்திக் கோடு ஒழுங்காகப் போகிறதா என்றும் ஒரு முறை பாருங்கள். ஒரு நிமிடத்தில் முடியும் இந்த வேலை ஒரு மணி நேரப் பயணத்தைக் காப்பாற்றும்.

மூன்றாவது 'பெர்ஃப்'. வி1, விஆர், வி2 என்ற மூன்று வேகங்களும், எஃப்எல்எக்ஸ் பள்ளத்தில் உந்துவிசையை எவ்வளவு குறைப்பது என்று சொல்லும் ஃபிளெக்ஸ் வெப்பநிலையும் இங்கே. வி1 வரை நிறுத்தலாம், அதற்கு மேல் போயே ஆக வேண்டும். விஆர் மூக்கைத் தூக்கும் வேகம். வி2 ஓர் எஞ்சின் நின்றாலும் பாதுகாப்பாக ஏறும் வேகம். கைக்கணினியின் செயல்திறன் பக்கம் இவற்றைக் கணக்கிட்டுத் தரும். ஃபிளெக்ஸ் பெட்டியைக் காலியாக விட்டால் எஃப்எல்எக்ஸ் பள்ளத்தை மறந்துவிட்டு டோகாவுக்குத்தான் தள்ள வேண்டும். இல்லையேல் நெம்புகோல் சரியில்லை என்று எச்சரிக்கை ஒலிக்கும்.

எஞ்சின், நகர்தல், மேலெழுதல்

ஏபியு எனும் சிறிய துணை எஞ்சினை இயக்கி, அது தயார் என்று காட்டியதும் அதன் காற்றுக் குழாயைத் திறங்கள். எரிபொருள் பம்புகள் எல்லாவற்றையும் போடுங்கள். சிவப்புச் சுழல்விளக்கு. எஞ்சின் குமிழை 'இக்னிஷன்/ஸ்டார்ட்' நிலைக்குத் திருப்பி, இரண்டாவது எஞ்சினின் விசையை உயர்த்துங்கள். மீதியை விமானமே செய்யும். அது நிலைபெற்றதும் முதலாவது. இரண்டும் ஓடியதும் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து, ஏபியுவின் காற்றையும் பிறகு ஏபியுவையும் அணையுங்கள். ஃபிளாப்ஸ் 1, இறக்கைமேல் தடுப்புகள் தயார் நிலை, ஆட்டோபிரேக் 'மேக்ஸ்', டிரிம் சக்கரம். பிறகு 'டிஓ கான்ஃபிக்' பொத்தான். எதையாவது விட்டிருந்தால் அதுவே சொல்லிவிடும்.

விமானம் நகரவில்லை என்றால், பார்க்கிங் பிரேக்குக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது சக்கரத் தடுப்புக் கட்டைகள். பல விமானங்களில் அவற்றைக் கைக்கணினியில்தான் எடுக்க முடியும். தரையில் நேர்ப்பாதையில் 20 நாட், திருப்பத்தில் 10 நாட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடுபாதையில் நெம்புகோலைப் பாதியளவு தள்ளி, இரண்டு எஞ்சின்களும் சமமானதும் எஃப்எல்எக்ஸ். உடனே எஃப்எம்ஏவைப் பாருங்கள்: 'மேன் எஃப்எல்எக்ஸ்', பக்கத்தில் நீங்கள் கொடுத்த வெப்பநிலை, அடுத்து 'எஸ்ஆர்எஸ்' (மேலெழும் வேகத்தைக் காக்கும் முறை), கடைசிப் பத்தியில் நீலத்தில் 'ஏ/டிஹெச்ஆர்' (ஆட்டோத்ரஸ்ட்). இவை இல்லையென்றால் அப்போதே நிறுத்துங்கள். விஆரில் நிதானமாக, விநாடிக்கு மூன்று பாகை வீதம், ஏறக்குறைய 15 பாகைக்கு மூக்கைத் தூக்குங்கள். உயரம் கூடுவது உறுதியானதும் சக்கரங்களை உள்ளே இழுங்கள். 'எல்விஆர் சிஎல்பி' மின்னும்போது நெம்புகோல் சிஎல்லுக்கு. இப்போது 'டிஹெச்ஆர் சிஎல்பி' என்று பச்சையில் வந்து, 'ஏ/டிஹெச்ஆர்' வெள்ளையாக மாற வேண்டும் (கடைசிப் பத்தியில் மட்டும் இயங்குவது பச்சையில் அல்ல, வெள்ளையில் தெரியும்). அளவீட்டில் செலவழித்த நேரத்துக்குப் பலன் கிடைக்கும் இடம் இது.

தள்ளுவதும் இழுப்பதும்

வேகம், திசை, உயரம் ஆகியவற்றின் குமிழ்களை உள்ளே தள்ளினால் பொறுப்பு விமானத்தின் கணினிக்குப் போகிறது. கணினியில் உள்ள திட்டப்படி பறக்கும். வெளியே இழுத்தால் பொறுப்பு உங்களுடையது. நீங்கள் திருகிவைத்த எண்படி பறக்கும். குழப்பம் வந்தால் திசையையும் வேகத்தையும் இழுத்து, விமானத்தை உங்கள் கைக்குக் கொண்டுவாருங்கள். நிலைமையைச் சீராக்கிய பிறகு தள்ளுங்கள்.

உயரே போகும்போது மாறுநிலை உயரத்தில் உயரமானியின் அழுத்த அளவை 1013 ஹெக்டோபாஸ்கலுக்கு மாற்ற வேண்டும். அமெரிக்காவில் இது 18,000 அடி. மற்ற இடங்களில் விமான நிலையத்தைப் பொறுத்து மாறும், எம்சிடியுவிலேயே தெரியும்.

எழுந்து போக வேண்டியிருந்தால் 'ஆக்டிவ் பாஸ்' பயன்படுத்தாதீர்கள். அது விமானத்தை வானில் தொங்கவிட்டு அமைப்புகளை மட்டும் ஓடவிடுகிறது. திரும்ப விடுவிக்கும்போது கட்டுப்பாட்டுக் கணினிகள் தடுமாறும். எஸ்கேப் விசையால் நிறுத்துவதே பாதுகாப்பு.

பின்னர் சேர்த்தது: ஆட்டோபைலட் காரணமில்லாமல் விடுபடுகிறது என்ற கேள்விதான் அதிகம் வருகிறது. ஜாய்ஸ்டிக்கின் தேய்மானமே காரணம். தொடாதபோதும் அது சிறு அசைவுகளை அனுப்பினால், விமானி குச்சியைப் பிடித்துவிட்டார் என்று விமானம் எடுத்துக்கொண்டு ஆட்டோபைலட்டை விடுவிக்கும். இரு அச்சுகளுக்கும் மையத்தில் ஐந்து விழுக்காடு செயலற்ற பகுதி கொடுங்கள், தீர்ந்துவிடும்.

இறங்குதல்

இறங்கும் புள்ளி வந்ததும் விமானம் தானாக இறங்காது. இதைத் தெரியாமல் சேருமிடத்துக்கு மேலேயே முழு உயரத்தில் கடந்து போகிறவர்கள் நிறைய. குறைந்த உயரத்தைத் திருகிவைத்துக் குமிழை நீங்கள்தான் தள்ள வேண்டும். எஃப்எம்ஏவில் 'டிஇஎஸ்' (இறங்குமுகம்) வந்தால் சரி.

கணினியின் கணக்கை மனக்கணக்கால் சரிபார்க்கப் பழகுங்கள். இழக்க வேண்டிய உயரத்தை ஆயிரங்களில் எடுத்து மூன்றால் பெருக்கினால் தேவையான கடல் மைல். 35,000 அடியிலிருந்து 3,000 அடிக்கு என்றால் 32 பெருக்கல் 3, அதாவது 96. வேகம் குறைக்க இன்னொரு பத்து. 10,000 அடிக்குக் கீழே 250 நாட்டுக்கு மேல் போகாதீர்கள்.

ஓடுபாதைக்கு ஏறத்தாழ 15 மைல் இருக்கும்போது 'பெர்ஃப்' பக்கத்தில் அணுகுநிலையைச் செயல்படுத்துங்கள். வேகக் குமிழ் உள்ளே தள்ளியிருந்தால், ஃபிளாப்ஸை ஒவ்வொரு படியாக இறக்க இறக்க வேகம் தானாகக் குறையும். எல்லைகள் நினைவில் இருக்கட்டும்: ஃபிளாப்ஸ் 1க்கு 230 நாட், 2க்கு 200, 3க்கு 185, முழுதுக்கு 177.

ஐஎல்எஸ் கதிரைக் கீழிருந்துதான் பிடிக்க வேண்டும். ஓடுபாதையின் நேர்கோட்டை நோக்கித் திரும்பியதும் 'ஏபிபிஆர்' (அணுகுதல்) பொத்தான். பட்டையில் 'எல்ஓசி' (ஓடுபாதையின் நேர்கோடு), 'ஜி/எஸ்' (இறங்கும் சரிவு) இரண்டும் நீலத்தில் காத்திருந்து, பிறகு பச்சையாகும். நீலத்திலேயே நின்று, சரிவுக்குறி திரையின் அடிப்பக்கம் போய்க்கொண்டிருந்தால் நீங்கள் கதிருக்கு மேலே இருக்கிறீர்கள். துரத்திக்கொண்டு போகாதீர்கள், டோகாவுக்குத் தள்ளி, ஏறி, சுற்றி வாருங்கள். சுற்றி வருவதும் கற்க வேண்டிய பாடமே.

ஆயிரம் அடியில் சக்கரங்கள் கீழே, ஃபிளாப்ஸ் முழுதாக, வேகம் நிலையாக இருக்க வேண்டும். இறங்கும் வீதம் தரைவேகத்தின் ஐந்து மடங்கு: 140 நாட் என்றால் நிமிடத்துக்கு 700 அடி. ஐந்நூறு அடி வாக்கில் ஆட்டோபைலட்டை விடுவித்துக் கையால் ஓட்டுங்கள். தானியங்கித் தரையிறக்கம் இருக்கிறது, ஆனால் அதைப் பார்த்துக் கை பழகாது. 30 அடியில் மூக்கைச் சிறிதே தூக்குங்கள். 20 அடியில் 'ரிடார்ட்' என்று குரல் வரும். நெம்புகோலை ஐடிலுக்கு இழுங்கள். தரை தொட்டதும் பின்னுந்தம், 70 நாட்டில் அதைக் குறைத்துவிடுங்கள்.

நிறுத்துமிடத்தில் எஞ்சின்களை மூன்று நிமிடம் ஐடிலில் ஆறவிட்ட பிறகு அணையுங்கள். அதற்கு முன் ஏபியு ஓடுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எஞ்சின்களோடு திரைகளும் அணைந்துவிடும்.

பின்னர் சேர்த்தது: சிமுலேட்டர் பெரிதாகப் புதுப்பிக்கப்பட்ட பிறகு விமானம் இருண்டே கிடக்கிறது என்றால், கம்யூனிட்டி கோப்புறையில் உள்ள அனைத்தையும் வேறிடத்துக்கு நகர்த்தி, முதலில் விமானத்தை மட்டும் திரும்பப் போட்டுச் சோதியுங்கள். அது இயங்கினால் மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து, தடுப்பது எது என்று கண்டுபிடிக்கலாம். படம் திக்கித் திக்கி ஓடுகிறது என்பவர்கள் நிலப்பரப்பு விவரத்தின் அளவைக் குறைத்து, செயற்கை விமானப் போக்குவரத்தை அணையுங்கள். இந்த விமானங்களின் சுமை மையச் செயலியின் மேல்தான் அதிகம். வரைகலை அட்டையின் தரத்தைக் குறைத்துப் பெரிய பயன் இருக்காது. விநாடிக்கு 30 படங்கள் சீராக வந்தால் பயணிகள் விமானத்துக்கு அது தாராளம்.